லாயத்தில் தடுப்பூசி: ஞாயிறு காலை 6.30

அனைவருக்கும் வணக்கம்.

நம் லாயக் குதிரைகளுக்குத் தடுப்பூசி போட, வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு கால்நடை டாக்டர் வருகிறார். டெட்டனஸ், ஃப்ளூ, ரேபிஸ் மூன்றும் போடலாம். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும்.

1. சனி மாலைக்குள் உங்கள் குதிரையின் தடுப்பூசிப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். "போன வருஷம் போட்ட ஞாபகம்" கணக்கில் வராது.

2. ஃப்ளூ ஊசிக்கு ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம். சர்வதேசப் போட்டிக்குப் போகிறவர்களுக்குக் கெடு 6 மாதம் 21 நாள்தான். போட்டி மைதானத்துக்குள் நுழைவதற்கு முந்தைய 7 நாளில் ஊசி போடவும் கூடாது. தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. காய்ச்சல், இருமல், மூக்கில் சளி இருந்தால் உடனே சொல்லுங்கள். அந்தக் குதிரைக்கு அன்று ஊசி வேண்டாம்.

4. ஊசிக்குப் பின் இரண்டு நாள் சவாரி இல்லை. கையில் பிடித்து நடத்தினால் போதும்.

2008இல் ஜம்முவின் கட்ராவில் தொடங்கிய குதிரை ஃப்ளூ பல மாநிலங்களுக்குப் பரவியது. இருமலிலேயே அடுத்த கொட்டடிக்குத் தாவும் நோய் அது. டெட்டனஸுக்கோ ஒரு துருப்பிடித்த ஆணி போதும்; நம் வேலியில் அதற்குப் பஞ்சமே இல்லை (அதையும் சரிசெய்யச் சொல்லியிருக்கிறேன்).

குதிரையின் பெயரும் எந்தெந்த ஊசி என்பதும் வெள்ளி இரவுக்குள் வேண்டும். மருந்தை ஐஸ் பெட்டியில் எண்ணித்தான் கொண்டுவருவார்கள். வர முடியாதவர்கள் குதிரைக்காரரிடம் சொல்லிவிட்டு எனக்கும் தெரிவியுங்கள்.