சப்பாத்தின் ஓரத்தில் ஒரு பச்சை முக்கோணம்

அன்புள்ள மகளுக்கு,

செவ்வாய் இரவு நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு நான் பேசாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அம்மா பக்கத்தில் நின்று "என்னவாம், என்னவாம்?" என்று கையால் கேட்டுக்கொண்டிருந்தாள். வங்கி வேலையை விட்டுவிட்டாய், எலக்ரீசியன் பயிலுநராகச் சேரப்போகிறாய், தேர்வும் நேர்முகமும் முடிந்து யூனியன் உன்னை எடுத்துவிட்டது. இதை எந்த ஒழுங்கில் சொன்னால் அவள் கதிரையைவிட்டு எழும்பமாட்டாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னேன். அவள் முதலில் கேட்டது சம்பளத்தைப் பற்றி இல்லை. "அங்கே பிள்ளைக்குக் கழிவறை எங்கே இருக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி. என் காலத்தில் அறுபது எழுபது ஆண்களுக்கு நாலைந்து நீலப் பெட்டிகள் நிற்கும். மாசி மாதத்தில் உள்ளே போவதற்கே துணிவு வேண்டும். 2023 ஜூலையில் இருந்து ஒன்ராறியோ மாகாணத்தின் பெரிய கட்டுமானத் தளங்களில் பெண்களுக்குத் தனிக் கழிவறை வைக்கவேண்டும் என்று விதி வந்துவிட்டது என்றேன். "விதி வந்துவிட்டது சரி, பெட்டி வந்துவிட்டதா?" என்றாள். முப்பது வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் அல்லவா. முதல் நாளே பார்த்து அவளுக்கு ஒரு வரி எழுதிவிடு.

இதற்கிடையில் சொந்தக்காரர்களிடம் "மகள் எலக்ரிக்கல் எஞ்சினியரிங் பக்கம் போகிறாள்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்த எனக்கு என்ன தகுதி? 1991இல் கனடாவில் வந்து இறங்கிய நான், அப்பப்பாவுக்குப் போட்ட கடிதங்களில் எல்லாம் "கட்டட நிர்மாண நிறுவனம் ஒன்றில் வேலை" என்றுதான் எழுதினேன். அவர் வாத்தியார். எங்கள் வீட்டுக்கு மேசன் வேலைக்கு வந்தவர்களை முற்றத்தில் இருத்தித்தான் தேத்தண்ணீர் கொடுப்போம், அதுவும் வேறு குவளையில். வெளிர் பச்சைக் குவளை, விளிம்பில் எனாமல் உதிர்ந்தது, கிணற்றடியில் கவிழ்ந்து கிடக்கும். அந்த வீட்டுப் பிள்ளை மிசிசாகாவில் கொங்கிரீட் இறுகிய பலகைகளைக் கழற்றி, ஆணி பிடுங்கி, எண்ணெய் பூசி அடுக்குகிறான் என்று எழுதக் கை வரவில்லை. அப்பப்பா போய்ச் சேரும்வரை அவருக்குத் தெரியாது. தெரிந்தும் கேட்காமல் இருந்தாரோ என்று சிலவேளை நினைப்பதுண்டு.

முதல் ஐந்தாறு வருடம் கைக்காசு வேலை, கணக்கில் வராதது. வெள்ளிக்கிழமை ஓர் உறை கொடுப்பார்கள், சில வெள்ளிக்கிழமைகளில் கொடுக்கமாட்டார்கள். ஒருமுறை மூன்று கிழமைச் சம்பளம் அப்படியே போனது. கேட்கப் போனால் அலுவலகம் இருந்த இடத்தில் பூட்டுத் தொங்கியது. யாரிடம் முறையிடுவது? நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கே ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

1997இல், கூட வேலை செய்த ஒரு போர்த்துக்கேயக் கிழவர்தான் என்னைத் தன் வாகனத்தில் ஏற்றி யூனியன் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். அவருக்கும் ஆங்கிலம் வராது, எனக்கும் வராது. "நல்ல வேலைகாரன்" என்று அவர் சொன்னதும் நான் தலையாட்டியதும்தான் நேர்முகம். முதல் சம்பளத் துண்டு வந்த இரவு, அம்மா அதைச் சமையலறை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். மணித்தியாலக் கூலி, மிகைநேரம், விடுமுறைக் காசு, ஓய்வூதிய நிதி, மருத்துவக் காப்புறுதி. நான் வேலை செய்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் கொம்பனிக்காரன் எனக்கென்று எங்கோ காசு கட்டுகிறான் என்பதை நம்ப அவளுக்கு இரண்டு மூன்று மாதம் எடுத்தது. உனக்குப் பதின்மூன்று வயதில் பல்லுக்குக் கம்பி போட்டோமே, அந்தச் செலவில் பெரும்பகுதி அந்தக் காப்புறுதியில் இருந்துதான் வந்தது. கம்பியைப் போடவிடாமல் நீ அழுதது வேறு கதை.

உன்னுடைய வழி என்னுடையதைவிட ஒழுங்கானது. விசாரித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 9,000 மணித்தியாலம், ஐந்து வருடம், இடையில் மூன்று தடவை வகுப்பு. முழுத் தகுதி பெற்றவரின் கூலியில் 40 சதவீதத்தில் தொடங்கிக் கட்டம் கட்டமாக 80 வரை ஏறும். கடைசியில் ஒரு பரீட்சை, 70 புள்ளி எடுத்தால் சான்றிதழ். வங்கியில் உன் சம்பளம் எப்போது, எதற்காக ஏறும் என்று யாராவது இப்படி எழுதித் தந்தார்களா? ஒவ்வொரு மணித்தியாலத்தையும் நீயே ஒரு கொப்பியில் குறித்துவை. கொம்பனி குறிக்கும் என்று நம்பி இருக்காதே.

ஆனால் ஒன்றை மறைத்து எழுதினால் நான் பொய்யன். இது நிரந்தர வேலை இல்லை. கட்டடம் முடிந்தால் உன் வேலையும் முடியும். மண்டபத்தில் பெயர் பதிந்துவிட்டு, உன் முறை வரும்வரை வீட்டில் இருக்கவேண்டும். 2009இல் நான் நான்கு மாதம் வேலையின்மைக் காப்புறுதியில் இருந்தேன், உனக்கு நினைவிருக்காது. யூனியன் கோயிலும் இல்லை. ஆள் பார்த்து வேலைக்கு அனுப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன், கூட்டத்தில் எழும்பிக் கேட்டுமிருக்கிறேன். கேட்ட பிறகு கொஞ்ச நாள் என் பெயரும் பட்டியலில் நகராமல் கிடந்தது. சந்தாவைக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பவர்கள்தான் அதிகம். நீ கூட்டங்களுக்குப் போ.

அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது உன்னை யோர்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே துணித்துண்டுகளால் தைத்த பெரிய படம் ஒன்று கண்ணாடிக்குள் தொங்குகிறது. 2010இல் வைத்தார்கள். பல மாதம் அதன் முன்னால் பஸ்ஸுக்கு ஓடிய பிறகுதான் ஒருநாள் நின்று வாசித்தேன். 1960 மார்ச் 17 மாலை, இந்த நிலையத்துக்குக் கிட்ட, டொன் ஆற்றின் அடியில் தண்ணீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அழுத்தக் காற்று. தீப்பிடித்தது, புகை சூழ்ந்தது. கைவிளக்குக்கூட இல்லாமல் ஐந்து பேர் உள்ளே அகப்பட்டு இறந்தார்கள். ஐவரும் இத்தாலியில் இருந்து வந்தவர்கள். அவர்களில் அலெசாந்திரோ, குவிதோ மந்தெல்லா இருவரும் அண்ணன் தம்பி. அந்த வருடமும் அடுத்த வருடமும் இத்தாலியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள், பிறகுதான் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்தத் தொடங்கினார்கள். அதை வாசித்துவிட்டு நின்றபோது எனக்கு அந்த இரு சகோதரர்களும் ஊருக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்ற யோசனைதான் வந்தது. அவர்களும் "நிறுவனம்" என்று எழுதினார்களோ.

உயரத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி அட்டை எடுக்கச் சொல்வார்கள். அந்த வகுப்பில் தூங்கிவிடாதே. 2009 நத்தாருக்கு முதல்நாள், இங்கே கிப்ளிங் அவென்யூவில் 13ஆம் மாடியில் தொங்கிய சாரம் இரண்டாக உடைந்து நான்கு பேர் செத்தார்கள். அன்று சாரத்தில் நின்றவர்களில் ஒருவர் மட்டுமே கயிற்றில் ஒழுங்காக மாட்டியிருந்தார், அவர் தப்பினார். அதன் பிறகுதான் அந்தப் பயிற்சி கட்டாயமானது. போர்மன் அவசரப்படுத்துவான், அவனுக்கு மேலே ஒருவன் அவசரப்படுத்துகிறான். ஆபத்தான வேலையை மறுக்க இந்த மாகாணத்தில் சட்டப்படி உனக்கு உரிமை உண்டு. கைக்காசு வேலையிலும் அந்தச் சட்டம் எனக்கு இருந்தது, மறுத்தால் திங்கட்கிழமை வேலை இருக்காது என்பதும் இருந்தது. இப்போது உனக்குப் பின்னால் ஒரு ஸ்டூவர்ட், அதாவது தளத்தில் யூனியனின் பிரதிநிதி, இருப்பார். முதல் நாளே அவர் யார் என்று கேட்டுப் பெயரை எழுதிக்கொள்.

நேற்று அம்மாவும் நானும் சப்பாத்து வாங்கப் போனோம். ஓரத்தில் பச்சை முக்கோணம் இருந்தால் விரல் பகுதியும் அடிப்பகுதியும் காக்கும். உனக்கு அதோடு செம்மஞ்சள் ஒமேகா எழுத்துக் குறியும் வேண்டும், அது மின் அதிர்ச்சிக்கு. கடைக்காரப் பையன் எனக்கென்று நினைத்துப் பதினோராம் அளவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அம்மா "மகளுக்கு" என்றாள். "எலக்ரீசியன்" என்று அவளாகவே சொன்னாள். பிறகு பெட்டி பெட்டியாகத் திறந்து, மூன்று சோடியின் முன்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, விலை கூடியதை எடுத்தாள்.

ஏழாம் அளவு வாங்கியிருக்கிறோம், தடித்த கம்பளிக் காலுறைக்கும் இடம் இருக்கும். வேலைக்குப் போக முதல் ஒரு கிழமை வீட்டுக்குள் போட்டு நட, இல்லாவிட்டால் குதிகால் உரியும். கடித்தால் மாற்றலாம், பற்றுச்சீட்டு இடது சப்பாத்துக்குள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா