சயாம் ரயில் பாதைவரை எங்களுக்குத் துணைவந்தோர்க்கு நன்றி

மதிப்பிற்குரியோர்க்கு வணக்கம்.

1943-இல் மலாயாவின் பேராக் ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத எங்கள் தாத்தாவுக்கு, எண்பது ஆண்டுகள் கழித்து, அவர் மாண்ட காட்டை ஒட்டி ஓடும் குவாய் நொய் ஆற்றில் நீர்க்கடன் செலுத்திவிட்டு வந்திருக்கிறோம்.

முதல் நன்றி இன்று நம்மிடையே இல்லாத ஒருவருக்கு. தாத்தாவோடு ஒரே சரக்கு ரயில் பெட்டியில் பாதை தொடங்கும் தாய்லாந்தின் பான் போங் வரை அடைபட்டுச் சென்ற, தோட்டத்துப் பக்கத்து லயத்துக்காரர் (லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு வரிசை) அவர். வாந்திபேதி கண்ட தாத்தாவை நெருங்கவே மற்றவர்கள் அஞ்சியபோது, கடைசிவரை அருகிலிருந்து கஞ்சித்தண்ணீர் ஊற்றியவர். ஜப்பானியர் சரணடைந்தபின் எலும்பும் தோலுமாகத் தோட்டத்துக்குத் திரும்பியவர், தம் வீட்டுக்குக்கூடப் போகாமல் பாட்டியிடம் வந்து, விளிம்பு நசுங்கிய ஒரு பித்தளைக் குவளையைக் கொடுத்தாராம். ஒரு பிடி அரிசிக்குக் கட்டியிருந்த துணியையும் விற்ற இடத்தில், அந்தக் குவளையை மட்டும் அவர் விற்கவில்லை. நாள் கிழமை மறந்துபோயிற்று, மழைக்காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது என்று அவர் சொன்னதால், பாட்டி ஆடி அமாவாசையையே தாத்தாவின் திதியாக வைத்துக்கொண்டார். இவற்றையெல்லாம் மூன்று மாலை நேரங்கள் பொறுமையாகச் சொல்லிப் பதிவுசெய்ய இசைந்த அவருடைய மகளுக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்கு இடமுண்டு. தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் எனப் பல மடங்காக மாண்ட ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. பட்டியல் கேட்டு நான் எழுதிய ஓர் அலுவலகம், அப்படி எதுவும் இல்லை என ஒரே வரியில் பதில் அனுப்பியது. எழுதப்படாத பேரேட்டை அவர்கள் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்கள்! ஆனால், காஞ்சனபுரி அருங்காட்சியகத்தில் எங்களுக்கு உதவிய ஊழியர் அப்படிக் கைவிரிக்கவில்லை. கொட்டகையில் படுத்தால் அருவிச் சத்தம் கேட்கும் என்ற ஒரே துப்பை வைத்துக்கொண்டு, ஒரு பிற்பகல் முழுவதும் வரைபடத்தை விரித்துப் பார்த்து, பாதையோர முகாம் இருந்த கின்சாயோக் பக்கமாக இருக்கக்கூடும் என்று விரல் வைத்துக் காட்டினார்.

தமிழில் ஒரு சொல்லும் அறியாத படகோட்டி அம்மையாரை மறக்க இயலாது. அந்தக் குவளையில் எள்ளும் தண்ணீரும் எடுத்ததைக் கண்டதும் தாமே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, படகின் முனையில் கட்டியிருந்த மாலையை அவிழ்த்து ஆற்றில் விட்டார். என்னுடன் வந்திருந்த 82 வயது அத்தை, தம் தகப்பனுக்காக அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

பயணச் செலவில் பங்கேற்ற உறவினர்களுக்கும், அத்தையின் சக்கர நாற்காலியைத் தூக்கி இறக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

திரும்பும்போது ஆற்றுநீர் கொஞ்சம் குவளையில் கொண்டுவந்து, குவளையைக் காத்துக் கொடுத்தவரின் மகளிடம் சேர்த்தோம். அவர் அதைத் துளசிக்கு ஊற்றிவிட்டு, குவளையைப் புளிபோட்டுத் துலக்கி எங்களிடமே திருப்பித் தந்தார்.

நன்றியுடன்,
பேரன்