உன் சபைக் கமிட்டிக்கு வரும் தீர்மானம்

அன்பு மகளுக்கு,

தோத்திரம். பெண் பேராயரை ஏற்பதில்லை என்ற தீர்மானம் இங்கிலாந்தில் உங்கள் சபைக் கமிட்டிக்கு வருகிறது என்று எழுதியிருந்தாய். கை தூக்குமுன் சிலவற்றைத் தெரிந்துகொள்.

2012 நவம்பர் 20-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆளும் மன்றமான பொது சினட்டில், பெண்கள் பேராயராகலாம் என்ற சட்டம் தோற்றது. பெரும்பான்மை வேண்டாம் என்று சொல்லித் தோற்கவில்லை. பேராயர், குருமார், சபையார் என மூன்று அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பேராயர் அவையில் ஆதரவு 44-க்கு எதிர்ப்பு 3, குருமார் அவையில் 148-க்கு 45. சபையார் அவையில் 132-க்கு 74. தேவை 138, ஆறு குறைந்தது. பெண் பேராயரை மனசாட்சிப்படி ஏற்காத சபைகளுக்கான ஏற்பாடு போதாது என்பதற்காகவே எதிர்த்து வாக்களித்தவர்களும் அந்த 74-ல் உண்டு.

அடுத்த ஆண்டே நம் தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயரானார்.

2014-ல் இங்கிலாந்தில் சட்டத்தைச் சுருக்கி, ஏற்காத சபைகளுக்கான ஏற்பாட்டைப் பேராயர் அவையின் பிரகடனத்தில் தனியே வைத்தார்கள். ஜூலை 14-ல் நிறைவேறியது. 2015 ஜனவரியில் லிபி லேன் அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார்.

உங்கள் தீர்மானம் அந்தப் பிரகடனத்தின் கீழ் வருவது. உறுப்பினர்களுக்கு நான்கு வாரத்துக்கு முன்பே, தீர்மான வாசகத்தோடு அறிவிப்பு வர வேண்டும். குருவின் பதவி காலியாகி அதற்கென்று கூடும் கூட்டத்துக்கு மட்டும் இது விலக்கு. 15 பேர் கமிட்டி என்றால், 10 பேர் வந்தால் 6 கை போதும். பத்துக்குக் குறைந்தால் 8 கை வேண்டும். காரணம் இறையியல் நம்பிக்கையாக மட்டுமே இருக்கலாம். இன்ன அம்மையாரைப் பிடிக்கவில்லை என்பது செல்லாது. நிறைவேறினால் நகல் பேராயருக்கும், அவருக்குத் துணையான மூத்த குருவாகிய ஆர்ச்டீக்கனுக்கும், திருமண்டலப் பதிவாளருக்கும் போகும். அப்போதும் சபை அதே திருமண்டலத்தில்தான், அதாவது அதே பேராயரின் ஆளுகைப் பகுதியில்தான் இருக்கும். ரத்து செய்யும்வரை தீர்மானம் நிற்கும். கமிட்டி மாறினாலும் தானாக விழாது.

எனக்கு உறுத்துவது அந்த ஆறு கைதான். ஞாயிறுதோறும் நற்கருணைக்கு முழங்காலிடும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவர்கள் சபையின் பாதை மாறிவிடும். வாக்கெடுப்புக்கு முன் சபையார் கூட்டம் ஒன்று வைக்கச் சொல்லிக் கேள். அதை எழுத்தில் செயலாளருக்கு இந்த வாரமே கொடுத்துவிடு. கூட்டத்தன்று எழுந்து சொன்னால் காலம் கடந்துவிட்டது என்பார்கள்.

அன்புடன்,
அப்பா