ஒன்றும் இல்லை என்றாயே, அந்த ஊரைப் பற்றி

பல்லாவரம்
ஞாயிறு காலை

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசறேன்" என்பாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆனி மாதம் நான் அங்கே வந்திருந்தபோது, நச்சரித்து உன்னை அந்த இங்கிலாந்துக் கிராமம் ஹாக்ஸனுக்கு வண்டி ஓட்ட வைத்தேனே, நினைவிருக்கிறதா? எழுத்துக்கூட்டினால் ஹாக்ஸ்னே என்று வரும். ஊர்க்காரர்கள் சொல்வது ஹாக்ஸன். தூறலில் ஒரு பாலம், ஒரு சர்ச், ஒரு வயல் பார்த்தோம். வண்டியைத் திருப்பும்போது நீ கேட்டாய்: "இதுக்காப்பா இவ்ளோ தூரம்? பாக்க ஒண்ணுமே இல்லியே."

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது வருகிறது.

முதலில் அந்தச் செங்கல் சூளைப் பள்ளம். மரம் மூடிக் கிடக்கிறது, உள்ளே போக வேண்டாம் என்றாயே, அந்தப் பக்கம்தான். 1797-ல் ஜான் ஃப்ரியர் என்பவர் அங்கே களிமண் வெட்டும் குழியைப் போய்ப் பார்த்தார். மேல்மண் ஒன்றரை அடி, களிமண் ஏழரை அடி, சிப்பி கலந்த மணல் ஒரு அடி, அதற்குக் கீழே இரண்டு அடி சரளை. அந்தச் சரளையில் இரண்டு பக்கமும் செதுக்கிய சிக்கிமுக்கிக் கல், உள்ளங்கையில் அடங்குகிற கைக்கோடரி. உலோகம் அறியாத மனிதர்கள் செய்தது, நாம் நினைப்பதைவிட வெகு வெகு பழைய காலத்தது என்று லண்டனில் இருந்த பழம்பொருள் ஆய்வாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். அவரும் கடிதம்தான் எழுதினார், கவனி. உலகத்துக்கே ஆறாயிரம் வயது என்று பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சங்கம் நன்றி சொல்லி, 1800-ல் அச்சிட்டு, மறந்துவிட்டது. அந்தக் கல்லுக்கு இப்போது சொல்லும் வயது சுமார் நாலு லட்சம் வருஷம். இரண்டு பனியுகங்களுக்கு நடுவே வந்த அந்த வெதுவெதுப்பான காலத்துக்கே பிரிட்டனில் இந்தக் கிராமத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்தது வேறொரு வரி. இதெல்லாம் யாராவது பார்க்கிற சாமான் என்று தெரிவதற்கு முன்னால், கூடை கூடையாக அள்ளி ரோட்டுப் பள்ளத்தில் கொட்டிவிட்டேன் என்று சூளைக்காரர் ஃப்ரியரிடம் சொன்னாராம். நாம் கார் நிறுத்திய ரோடு அதுவாகக்கூட இருக்கலாம். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மறந்து போன கடிதத்தை 1859-ல் தூசி தட்டினார்கள். ஜான் எவன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பிரான்சில் அதே மாதிரிக் கற்களைப் பார்த்துவிட்டு லண்டன் திரும்பினால், சங்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஃப்ரியர் அனுப்பிய கல், அச்சு அசலாக அதே வடிவம். அந்தப் பரபரப்பைக் கேள்விப்பட்டு இங்கே தேட ஆரம்பித்தவர்தான் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர். 1863 மே 30-ஆம் தேதி, நீ டியூஷனுக்குப் போய்வந்த இதே பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியில் இந்தியாவின் முதல் கைக்கோடரியை எடுத்தார். எடுத்ததற்கெல்லாம் நம்ம ஊரை இழுக்காதே என்பாய். நான் இழுக்கவில்லை, அதுவே வந்து நிற்கிறது.

பாலத்துக் கதை உனக்கே தெரியும். அந்தப் பகுதியை ஆண்ட எட்மண்ட் ராஜா, படையெடுத்து வந்த டேனியர்களுக்குப் பயந்து அடியில் ஒளிந்திருக்க, அவர் காலில் கட்டியிருந்த தங்கக் குதிமுள் மின்னியதைப் புது மணமக்கள் பார்த்துக் காட்டிக்கொடுத்தார்களாம். சாபத்துக்குப் பயந்து கல்யாணக் கோஷ்டிகள் அந்தப் பாலத்தில் ஏறாமல் சுற்றிப் போயிருக்கிறார்கள். அது நடந்த வருஷம் கல்வெட்டில் 870 என்றிருக்கிறது, வரலாற்றுக்காரர்கள் 869 என்கிறார்கள். இன்ன இடத்தில்தான் செத்தார் என்று வேறு ஊர்களும் உரிமை கொண்டாடுகின்றன. போகட்டும்.

வயலுக்கு வருகிறேன். 1992 நவம்பர் 16. பீட்டர் வாட்லிங் என்ற குத்தகை விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் தோட்டக்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தார். தேடப் போன இடத்தில் வெள்ளிக் கரண்டி, தங்கச் சங்கிலி, காசு. கைக்கு வந்ததை எடுத்தார்கள். பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, நிலத்தின் சொந்தக்காரரான கவுண்டி கவுன்சிலுக்கும் போலீசுக்கும் சொன்னார்கள். மறுநாள் தொல்லியல்காரர்கள் வந்து, சத்தமில்லாமல் ஒரே நாளில், மண்ணோடு மண்ணாகக் கட்டி கட்டியாகப் பெயர்த்து எடுத்துப் போனார்கள்.

உன் அப்பன் முப்பத்தொரு வருஷம் பேங்க்கில் நகை அப்ரைசராக உட்கார்ந்தவன், கண் முதலில் எடைக்குத்தான் போகும். தங்கக் காசு 569. ரோமானியர்கள் அவர்கள் ராத்தல் ஒன்றுக்கு 72 காசு அடித்தார்கள், ஒன்று சுமார் நாலரை கிராம். பெருக்கினால் 320 சவரன் வருகிறது. நகை 29 உருப்படி, தரம் சராசரியாக 22 கேரட்டை ஒட்டி நிற்கிறதாம். படித்ததும் சிரித்துவிட்டேன்; 1,600 வருஷத்துக்கு முந்தைய பொற்கொல்லரும் நம்ம கடைத்தெரு ஆசாரியும் ஒரே கணக்குத்தான். மூன்று மோதிரம், மூன்றிலும் கல் இல்லை. வெள்ளிக் காசு 14,272. அதில் பெரும்பாலானதில் ஓரத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள், ஆனால் ராஜா தலைமேல் கத்தி படவில்லை. திருட்டிலும் ஒரு மரியாதை! கரண்டியும் அகப்பையுமாக 98. பத்துக் கரண்டியில் அவுரேலியஸ் உர்சிகினஸ் என்று பெயர். கல்யாணத்துக்குப் பாத்திரக்கடையில் பெயர் வெட்டி வாங்குவோமே, அதே பழக்கம். ஒரு வளையலில், "ஜூலியானா அம்மையே, இதைச் சந்தோஷமாகப் போட்டுக்கொள்" என்று எழுத்தாகவே துளையிட்டிருக்கிறார்கள்.

மிளகுத்தூள் தூவும் வெள்ளிச் சிமிழ் நாலு. அதில் ஒன்று, ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம். அடியில் ஒரு வட்டத் தகடு. ஒரு பக்கம் திருப்பினால் மிளகு நிரப்பலாம், இன்னொரு பக்கம் திருப்பினால் தூவலாம், மூன்றாவதில் மூடிக்கொள்ளும். அந்த மிளகு நம் மேற்குக் கடற்கரையில் கொடியில் காய்த்தது. அம்மாவிடம் சொன்னேன். "ரசம் வைக்கத் தெரியாதவங்களுக்கு இவ்வளவு ஜபர்தஸ்தா?" என்றாள்.

இதில் எதுவும் அவசரத்தில் திணித்ததில்லை, பாப்பா. மண்ணைக் கிளறாமல் எடுத்ததால்தான் இது தெரிந்தது. மரப்பெட்டி மக்கிப்போய்விட்டது, ஆனால் கீலும், ஆணியும், குட்டிக் குட்டி வெள்ளிப் பூட்டும் அதது இடத்தில் கிடந்தன. அதை வைத்து, ஒரு பெரிய ஓக் மரப்பெட்டி, அதற்குள் சின்னப் பெட்டிகள், கரண்டி ஒரு பக்கம், நகை ஒரு பக்கம் என்று அடுக்கியதைத் திரும்ப வரைந்துவிட்டார்கள். ஊர் மாற்றிப் போகிற வீட்டு அம்மா கட்டிய கட்டு மாதிரி இருக்கிறது. கடைசிக் காசு 407 அல்லது 408-ல் அடித்தது. பிரிட்டன் ரோமானியர் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை. லாஸ் இன்னும் ஒரு மணி நேரம் ஆசையாகத் தோண்டியிருந்தால் சாமான் எல்லாம் கிடைத்திருக்கும், பெட்டி போயிருக்கும்.

லாஸுக்குக் கிடைத்த சன்மானம் 17.5 லட்சம் பவுண்டு. வாட்லிங்குக்கும் பங்கு கொடுத்தாராம்.

இனி நான் சொல்லாமல் வைத்திருந்தது. 1994 என்று நினைக்கிறேன், நீ அப்போது கைக்குழந்தை. வேட்டியில் சேறு காயாத ஒருவர் என் மேஜைக்கு வந்து, மஞ்சள் துணியை அவிழ்த்து ஏழு பொடிக் காசை வைத்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தில் பாதிதான். உரைகல்லில் தேய்த்தேன், நல்ல தங்கம். ஒரு பக்கம் ஏதோ மிருகம் இருந்தது. பன்றியா, யானையா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. எங்கே கிடைத்தது என்று கேட்கவும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. "காசாக அடகு பிடிக்க முடியாதுங்க, ஆசாரிகிட்ட கொடுத்து உருக்கி மோதிரமா கொண்டு வாங்க" என்றேன். அடுத்த வாரமே கொண்டு வந்தார். எடை போட்டு, தரம் எழுதி, கையெழுத்தும் போட்டேன். விதிப்படி எல்லாம் சரி.

பழைய டைரியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காசு 7, எடை 2.520. மோதிரம் 1, எடை 2.410. அவ்வளவுதான் மிச்சம்.

லண்டன் போகிறபோது பிரிட்டிஷ் மியூசியத்தில் ஹாக்ஸன் சாமான்களைப் பார்த்துவிட்டு வா. மிளகுச் சிமிழின் அடித்தகடு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடு. வாட்லிங்கின் சுத்தியலும் கிடைத்துவிட்டது, அதையும் மியூசியத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். வெளியே வைத்திருந்தால் அதையும் எடு. இரும்புதானே என்று தாண்டிப் போய்விடாதே.

அம்மா அனுப்பிய பார்சலில் நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்திருக்கும், பிரித்ததும் பாட்டில் மாற்று.

அப்பா