உன் மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்ததில் நிம்மதி. உன் வகுப்பில் பலகையில் இருப்பதை எழுதாமல் திணறும் அந்த மூன்றாம் வகுப்புப் பையனைப் பற்றி எழுதி, "ஐக்யூ பார்த்தால் தெரிந்துவிடுமா?" என்று கேட்டிருந்தாய். இந்த வருடம் முழுக்க நான் பயிற்சி எடுப்பது பிள்ளைகளுக்கு அந்த அறிவுத்திறன் சோதனை கொடுக்கும் வேலையில்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது வாயை அடக்குவதை. பிள்ளை சரியாகச் சொன்னால் 'சரி' என்று சொல்லக் கூடாது, தவறினால் முகம் மாறக் கூடாது. எண்களைத் திருப்பிச் சொல்லவைக்கும்போது நொடிக்கு ஒன்று, ஒரே குரலில். 'சபாஷ்' சொல்லியே பிள்ளைகளை வளர்ப்பவள் நீ, உனக்கு இது கொடுமையாக இருக்கும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால்தான், அதே வயதுப் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண்களின் அட்டவணையோடு ஒப்பிட முடியும். வயதையும் வருடம், மாதம் வரை கணக்கிட வேண்டும். பள்ளியில் சேர்ப்பதற்காகப் பிறந்த தேதியை மாற்றிக் கொடுத்திருந்தால் எல்லாம் கெட்டது.

அட்டவணையிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையைத் தழுவி நாக்பூரில் மாலின் 1969-இல் உருவாக்கியது இன்னும் நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை இந்தச் சோதனைகளில் மதிப்பெண் ஏறிவந்ததை ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் அமெரிக்கத் தரவுகளை வைத்துக் காட்டினார். அப்படியானால், பழைய அட்டவணையோடு ஒப்பிட்டால் இன்றைய பிள்ளையின் எண் கூடுதலாகவே தெரியும்; சராசரி 100 என்றிருக்க, அதில் வரும் 85-ஐ அப்படியே நம்ப முடியுமா? அறிக்கையில் இதை ஒரு வரியாவது எழுதாமல் விட எனக்கு மனம் வருவதில்லை.

சமீபத்தில் ஒரு சிறுமியைப் பார்த்தேன். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். வகுப்பில் வாயே திறப்பதில்லை, 'மூளை வளர்ச்சி குறைவு' என்று குறிப்போடு அனுப்பியிருந்தார்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்! சேகன் பலகையைக் கொடுத்தோம்: பத்து மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்த வேண்டும், மூன்று முறை, அதில் குறைந்த நேரம்தான் கணக்கு. அப்புறம் ரேவனின் வண்ணப் படங்கள் 36, விடுபட்ட துண்டை விரலால் காட்டினால் போதும். ஓரிடத்தில் தவறான துண்டின்மேல் விரலை வைத்தவள், தலையை ஆட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள். படத்தை மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் தடவிப் பார்த்துச் சரியானதைக் காட்டினாள். தன் தவறைத் தானே பிடிக்கிற பிள்ளை! முடிவு அவள் வயதுக்கு நன்றாகவே வந்தது. தமிழில் சொற்பொருள் கேட்டு மதிப்பெண் போட்டிருந்தால், குறைபாடு என்று சந்தேகிக்கும் 70-க்குக் கீழே தள்ளியிருப்போம் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. அந்த எண் வந்தாலும் அதை மட்டும் வைத்து அறிவுத்திறன் குறைபாடு என்று எழுதக் கூடாது. வீட்டில் தானாக உடுத்துகிறாளா, கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருகிறாளா என்றெல்லாம் பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

1905-இல் பாரிஸில் பினேயும் சிமோனும் முதல் சோதனையைச் செய்ததே, பள்ளியில் தனி உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். உதவி என்ன என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தரும் அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

சரி, உன் பையன். பலகையில் இருப்பதை எழுதாமல் பக்கத்து நோட்டைப் பார்க்கிறான் என்கிறாய். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல். வாய்க்கணக்கைப் பட்டென்று சொல்பவன் வாசிக்கும்போது திணறுகிறான் என்றால், கண்ணிலும் குறையில்லை என்று வந்தால், கற்றல் குறைபாடா என்று பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது, தேர்வில் கூடுதல் நேரம் கேட்க முடியும். அதுவரை எல்லார் முன்னாலும் அவனை உரக்க வாசிக்கச் சொல்லாதே.

அவன் நோட்டிலிருந்து நீ திருத்தாத பக்கங்கள் சிலவற்றைப் படமெடுத்து அனுப்பு, பெயரை மறைத்துவிடு. வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தி