மாதிரி ராக்கெட்: வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தத் தவணையில் மாதிரி ராக்கெட் செய்கிறார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை காலை 7 மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன், பள்ளி மைதானத்தில் ஏவுவோம். பாதி வேலை வீட்டில்தான் நடக்கும். ஆகவே இதை முழுதும் படியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தால் இன்னும் நல்லது.

குழாய், மூக்கு, சிறகு, பாராசூட் எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம். எஞ்சினை மட்டும் செய்யக்கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

தீபாவளிக்கு வாங்கி மிஞ்சிய பட்டாசைப் பிரித்து, மருந்தைக் குழாயில் கெட்டித்தால் ராக்கெட் ஆகிவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வெடிக்கும் பட்டாசின் மருந்து கண நேரத்தில் எரிந்து தீர்வதற்கென்று கலந்தது. எஞ்சினில் இருக்கும் மருந்தோ ஒரு முனையிலிருந்து சீராக எரிந்துகொண்டே போக வேண்டும். கையால் கெட்டித்த மருந்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். தீ அந்த விரிசலுக்குள் இறங்கினால் எரியும் பரப்பு ஒரேயடியாகப் பெருகும்; புகை வெளியேறும் துளையோ அதே அளவுதான். அழுத்தம் ஏறிக் குழாய் பிளக்கும். குழாய் இரும்போ செம்போ ஆனால் அதன் துண்டுகள் குண்டுச்சிதறல் போலப் பாயும். தீக்குச்சித் தலைகளைச் சுரண்டிச் சேர்ப்பது இதைவிட மோசம். உரசலிலேயே கையில் பற்றிக்கொள்ளும்.

1950-களில் அமெரிக்கச் சிறுவர்கள் இப்படி உலோகக் குழாய்களில் மருந்து கெட்டித்துப் பலர் காயப்பட்டார்கள். காலணிக் கடைக்காரரான ஆர்வில் கார்லைலும், ஏவுதளத்தில் பணிபுரிந்த ஹாரி ஸ்டைனும் சேர்ந்து, காகித உறைக்குள் அளந்து அடைத்த, ஒருமுறை எரிந்ததும் எறிந்துவிடும் எஞ்சினைப் பரப்பியது அந்தக் காயங்களைத் தடுக்கத்தான். நம் தென்னாப்பிரிக்காவிலும் உரிமமின்றி வெடிபொருள் தயாரிப்பது சட்டப்படி குற்றம். எஞ்சின்களைப் பள்ளியே வாங்கி, பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறது. ஏவும் நாள் வரை ஒன்றுகூடப் பிள்ளைகள் கைக்கு வராது.

அவற்றின் மேல் A8-3, B6-4 என்று அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்த உந்துதலைச் சொல்கிறது: A என்றால் அதிகபட்சம் 2.5 நியூட்டன்-நொடி (விசையை எரியும் நேரத்தால் பெருக்கிய அளவு), B என்றால் 5, C என்றால் 10. அடுத்து வரும் எண் சராசரி உந்துவிசை. கடைசி எண், எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடி எத்தனை நொடி கழித்து வரும் என்பது. வீட்டில் செய்யும் ராக்கெட் பசையும் பெயிண்டும் சேர்ந்து கனமாகிவிடும். நீண்ட தாமதம் வைத்தால், அது மூக்கு கீழாக வேகமெடுத்து விழும்போதுதான் பாராசூட் விரியும், விரிந்ததும் கிழியும். எஞ்சினோடு சேர்த்து 80 கிராமுக்குள் இருக்க வேண்டும். சமையலறைத் தராசிலேயே நிறுத்துப் பாருங்கள்.

இனி வீட்டு வேலை. உடலுக்கு அட்டைக் குழாய் மட்டும். உள்ளே பொருத்தும் எஞ்சின் குழாய் 18 மில்லிமீட்டர் எஞ்சினுக்கு ஏற்றது, அதை வகுப்பில் தருவோம். மூக்கு பால்சா என்னும் மிக லேசான மரம் அல்லது பிளாஸ்டிக். உலோகம் எங்கும் வேண்டாம், ஆணி கூட. சிறகுகளை பால்சாப் பலகையில் வெட்டும்போது மரத்தின் ரேகை சிறகின் முன்விளிம்போடு ஒட்டி ஓட வேண்டும். ரேகை குழாய்க்கு இணையாக இருந்தால் சிறகு அடியில் முறிந்துவிடும்; சிறகு போன ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒட்டுவதற்கு மர வேலைக்கான வெள்ளைப் பசைதான். சூடாக்கி ஒட்டும் பசைத்துப்பாக்கி வேண்டவே வேண்டாம்: எஞ்சின் சூட்டில் அது இளகும். ஒட்டியபின் ஓர் இரவு முழுக்கக் காயட்டும்.

மூக்கையும் உடலையும் இணைக்கும் ரப்பர் நாடா உடலைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் மூக்கு திரும்பி வந்து குழாயைக் குத்தும். பாராசூட்டுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பையில் 30 சென்டிமீட்டர் அகல அறுகோணம் போதும். மடிக்குமுன் டால்கம் பவுடர் தூவினால் ஒட்டாமல் விரியும். அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே தீப்பிடிக்காத தாளைக் கசக்கி அடைக்க வேண்டும். சாதாரண டிஷ்யூத் தாள் கனன்றபடியே புல்லில் விழும். அந்தத் தாளையும் பள்ளியே தரும்.

ராக்கெட் நேராகப் போகுமா என்பதை ஏவும் முன்பே அறிய வழி உண்டு. பக்கவாட்டு உருவத்தை அட்டையில் அதே அளவில் வெட்டி, ஸ்கேல் விளிம்பில் நிறுத்தி, சமநிலைப் புள்ளியைக் குறியுங்கள். காற்றழுத்த மையம், அதாவது காற்றின் தள்ளுவிசை குவியும் புள்ளி, ஏறக்குறைய அங்கே. பிறகு ராக்கெட்டையே பாராசூட்டோடு நூலில் கட்டித் தொங்கவிட்டு எடை மையத்தைக் குறியுங்கள் (எஞ்சின் இருக்கும் இடத்தில் அதே எடைக்கு மாவோ மணலோ வையுங்கள்). எடை மையம் மூக்குப் பக்கமாக, குறைந்தது ஒரு குழாய் விட்டம் முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூக்குக்குள் களிமண் சேருங்கள். பின்பு அதே நூலில் இரண்டு, மூன்று மீட்டர் விட்டு, திறந்த வெளியில் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னால் நின்றால் சரி, புரண்டால் அது ஏவப்படாது. எந்தப் பிள்ளை அழுதாலும் ஏவப்படாது. திருத்திக்கொண்டு அடுத்த முறை வரலாம்.

மைதானத்தில் திரியும் கிடையாது, தீக்குச்சியும் கிடையாது. பற்றவைத்த திரியை யாராலும் நிறுத்த முடியாது. மின்சாரத்தால் பற்றவைத்தால் கடைசி நொடியிலும் நிறுத்தலாம். கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவி, எஞ்சினில் பற்றவைக்கும் கம்பியைப் பொருத்தும் ஆசிரியரின் சட்டைப் பையில் இருக்கும். அவர் திரும்பி வந்து சாவியைப் போடும்வரை பொத்தானுக்கு உயிர் இல்லை. இந்த எஞ்சின்களுக்கு 5 மீட்டர் தூரம் போதும் என்பது விதி. பிள்ளைகளை 10 மீட்டரில் கோடு போட்டு, அதற்குப் பின்னால் நிறுத்துவோம். ராக்கெட் நேராகக் கிளம்ப வழிகாட்டும் ஏவுகம்பியின் நுனி கண்ணைக் குத்தாதபடி, ஏவும் நேரம் தவிர எப்போதும் மூடி போட்டிருக்கும்.

பெரும்பாலோர் தவறும் இடம், பொத்தானை அழுத்தியும் ராக்கெட் கிளம்பாத அந்த நிமிடம். பற்றவைக்கும் கம்பியைப் பிடிக்கும் கிளிப்புகள் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம், பேட்டரி இறங்கியிருக்கலாம், கம்பி மருந்தைத் தொடாமல் நழுவியிருக்கலாம். எதுவானாலும் உள்ளே மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கக் கூடும். சாவியை எடுத்தபின் முழுதாக 60 நொடி எண்ணுவோம். அதன்பின் ஆசிரியர் ஒருவர் மட்டும் அருகே போவார். மைதானத்துக்கு வரும் பெற்றோரும் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

நம் மைதானம் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 65 மீட்டர் அகலம். A எஞ்சினுக்கு 30 மீட்டரும் B-க்கு 60 மீட்டரும் குறுகிய பக்கத்தில் வேண்டும். C-க்கு 120 வேண்டும். ஆகவே C வாங்கித் தருகிறேன் என்று யாரும் கேட்க வேண்டாம். நம் ஊர்ப் பல்கலைக்கழகமான குவாசுலு-நட்டால், ஃபீனிக்ஸ் ராக்கெட்டை 2021-இல் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. அதை ஏவ மேற்கு கேப் மாகாணத்தின் ஓவர்பெர்க் தளம் வரை போனார்கள். பெரிய எஞ்சினுக்குப் பெரிய வெளி வேண்டும்.

குளிர்காலப் புல் இப்போது வைக்கோல் மாதிரிக் கிடக்கிறது. ஏவுமிடத்தைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி, தரையை நனைத்து, தண்ணீர் வாளிகளும் ஈரச் சாக்குகளும் வைப்போம். உள்நாட்டிலிருந்து வரும் சூடான, வறண்ட பெர்க் காற்று வீசும் நாளிலோ, காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினாலோ ஏவுதல் ஒத்திவைக்கப்படும். கரும்புத் தோட்டத்தை ஒட்டி வசிப்பவர்களும், கிங் ஷாக்கா விமான நிலையத்துக்கு அருகே வெருலம், டொங்காட் பக்கம் இருப்பவர்களும் வீட்டுப் பக்கத்தில் ஏவிப் பார்க்கவே கூடாது.

இறங்கும் ராக்கெட்டைக் கையால் பிடிக்கக்கூடாது. மின்கம்பியிலோ உயர்ந்த மரத்திலோ சிக்கினால் அது போனதுதான். எடுக்க ஏற வேண்டாம், கம்பு நீட்ட வேண்டாம்.

பிள்ளைகள் பருத்தி உடையில், மூடிய காலணியோடு, நீண்ட கூந்தலைக் கட்டிக்கொண்டு வரட்டும். நைலான் தீப்பொறியில் உருகித் தோலில் ஒட்டும். வீட்டில் மிச்சப் பட்டாசு இருந்தால் இன்றே பூட்டி வையுங்கள். இணைத்துள்ள ஒப்புதல் தாளில் கையெழுத்திட்டு, உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி, அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தாள் வராத பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்