மர வளர்ப்புச் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு கூட்டங்களுக்குக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லை. பணியாரம் மட்டும் தீர்ந்தது.

இந்த ஆண்டின் முக்கிய வேலை இலுப்பை. முன் இரண்டு வருஷமாக ஊரணிக் கரையில் நாம் நட்ட இலுப்பைக் கன்றுகள் அத்தனையும், கோயிலுக்குத் தெற்கே ஒற்றையாக நிற்கும் பெரிய மரத்தின் கொட்டையில் முளைத்தவை. பொறுக்கச் சௌகரியம், பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். முடிவு செய்தவன் நான், பிசகும் என்னுடையதே. சித்திரையில் அளந்தபோது பாதிக் கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. நம் செம்புறாங்கல் மண்ணும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் துணையில்லாத மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்தால், கன்று நோஞ்சானாக வர வாய்ப்பு அதிகம். இதை விளக்க நான் திணறியபோது ஒரு ஆச்சி கேட்டார்: "பங்காளி வீட்ல பொண்ணு எடுப்போமா? மரத்துக்கு மட்டும் என்ன?" அப்புறம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

சரி, பல தாய்மரங்களிலிருந்து விதை எடுப்பது என்று தீர்மானித்தோம். காட்டு மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு, மரபணு வேறுபாட்டின் பெரும்பங்கு ஒரே காட்டில் நிற்கும் மரங்களுக்குள்ளேயே இருக்கிறது. காட்டுக்குக் காடு உள்ள வித்தியாசம் அதைவிடக் குறைவு. அதனால் பக்கத்து ஊர்களே போதும் என்று மலைப் பயணத்தைக் கைவிட்டோம். வேன் கேட்ட இளைஞர்கள் மன்னிக்கவும்.

நூறு மீட்டராவது தள்ளித்தள்ளி நிற்கும் முப்பது மரங்கள் என்பது கணக்கு. ஆனி முழுக்கப் பள்ளத்தூர், குன்றக்குடிப் பக்கம் அலைந்தும் அவ்வளவு கிடைக்கவில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று பத்தொன்பதோடு திரும்பினோம். வவ்வால் பழத்தைத் தூக்கிப்போய் வேறு மரத்தில் தொங்கிக்கொண்டு தின்று கொட்டையைப் போட்டுவிடும். எனவே கீழே கிடந்ததைத் தொடாமல், கிளையை உலுக்கி விழுந்த பழத்தை மட்டும் எடுத்து, மரத்துக்கு ஒரு துணிப்பை என்று எண் போட்டுக் கட்டினோம். இலுப்பை விதை காய வைத்துச் சேமிக்கிற விதையல்ல. சில வாரங்களில் உயிர் போய்விடும். பிளாஸ்டிக் பையில் மறந்து வைத்த இரண்டு மரத்து விதைகள் வியர்த்துப் பூஞ்சை பூத்து வீணாயின. மற்ற பதினேழும் முளைத்தன.

"எல்லாம் இலுப்பைதானே, எதற்கு இந்த அலைச்சல்?" என்றவர்களுக்கு இங்கிலாந்தின் எல்ம் மரத்தைச் சொல்கிறேன். வேர்க்கன்றாகவே பரவிய அந்நாட்டு எல்ம் வகை ஒரே மரத்தின் நகல்தான் என்று 2004இல் மரபணு ஆய்வு காட்டியது. 1970களில் பட்டை வண்டு கொண்டுவந்த பூஞ்சை நோய்க்குத் தாக்குப்பிடிக்கிற வேறு குணம் அதற்குள் இல்லை. ஊர் ஊராகப் பட்டுப்போனது.

கோயில்காட்டு வீரை என்ற மர வகையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நட்டிருக்கிறோம்.

கன்றுகளுக்கு மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்றும் ஒரு தீர்மானம் வந்தது. கையிருப்பைப் பொருளாளர் வாசித்ததும் அதை முன்மொழிந்தவரே திரும்பப் பெற்றார்.

தாய்மரங்களைக் குறித்த நோட்டு என்னிடம் உள்ளது. முப்பதுக்கு இன்னும் பதினொன்று வேண்டும். உங்கள் ஊர்ப்பக்கம் பழைய இலுப்பை நின்றால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள், ஆனிக்குள் வந்து பார்க்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்